திரை போட மறந்தவர்கள்

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளின் வருகையும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட மதிப்பீடும் உடனுக்குடன் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏறிவிடுகின்றன. இதெல்லாம் பத்திரமாக இருக்குமா?
- ஒரு தகப்பன், கடலூர் முதுநகர்

பதில்: பக்கத்திலிருக்கும் சிதம்பரம் கோயிலில் ரகசியத்தின் திரையை விலக்கினால் வெட்டவெளிதான். மத்திய அரசின் தீக்‌ஷா செயலியிலோ திரை போடவே மறந்துவிட்டார்கள். சுமார் 6 லட்சம் மாணவர்களின் பெயர், பள்ளி, முடித்த பாடம் எல்லாம் பூட்டில்லாத சர்வரில் கிடந்ததை 2023 ஜனவரியில் ‘வயர்டு’ இதழ் அம்பலப்படுத்தியது. எமிஸுக்கும் அதே கதி என்று நான் சொல்லவில்லை. பூட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்கிறேன்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களை டிஜிட்டலில் பின்தொடரக் கூடாது என்கிறது 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 நவம்பரில் வந்த விதிகளோ, படிப்புக்காகவும் பாதுகாப்புக்காகவும் என்றால் பள்ளிகளுக்கு விலக்கு தந்துவிட்டன. (பள்ளியில் வேறு எதற்காகப் பின்தொடர்வார்களாம்?)

மகள் வகுத்தலில் திணறுவது டீச்சருக்குத் தெரிய வேண்டியதுதான். பிளஸ் டூ முடிக்கும்போது கல்லூரி புரோக்கருக்கும் தெரிய வேண்டுமா? அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு ராங்க் கார்டை ஒப்படைத்த நம் தலைமுறைக்கு இருந்த தனியுரிமை, பாவம், அவளுக்கு இல்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள்: இந்த விவரங்களை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், யாருக்கெல்லாம் காட்டுவீர்கள்?