ஒட்டுப்போட்ட கைதட்டல்

1955-இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆளுக்கொரு அணுகுண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஜாஸ் வித்வான் லூயி ஆம்ஸ்ட்ராங் ஒரு டிரம்பெட், வியர்வை துடைக்க ஏகப்பட்ட வெள்ளைக் கைக்குட்டைகள், தன் 'ஆல் ஸ்டார்ஸ்' ஜமா சகிதம் ஐரோப்பா போனார். அரசாங்கம் ஒரு சல்லிக்காசு தரவில்லை. டிக்கெட் விற்றுப் பிழைப்பு. ஆனாலும் நவம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்', ஜாஸ்தான் அமெரிக்காவின் ரகசிய ஆயுதம், ஆம்ஸ்ட்ராங்தான் அதன் தலைசிறந்த தூதர் என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டது. முதல் பக்கத்தில் வந்தபின் அதிலென்ன ரகசியம் என்று கேட்க ஆளில்லை.

கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியின் ஜார்ஜ் அவாக்கியன் சும்மா இருப்பாரா? 'அம்பாசடர் சாச்' (தூதர் சாச்; சாச் என்பது ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயர்) என்று இசைத்தட்டே போட்டுவிட்டார். அட்டையில் ஆம்ஸ்ட்ராங் வால்கோட்டு மாட்டி, ஒரு கையில் டிரம்பெட்டும் மறு கையில் தோல்பெட்டியுமாக நிற்கிறார். பெட்டிக்குள் ராஜாங்கக் கடுதாசியா, அவர் கண்ணில் பட்டவருக்கெல்லாம் சிபாரிசு செய்த 'ஸ்விஸ் கிரிஸ்' பேதி மருந்தா? என் ஓட்டு பேதி மருந்துக்கே.

ஐரோப்பாவில் நேரடியாகப் பதிவான கச்சேரி என்றுதான் சரக்கு விலைபோனது. ஆம்ஸ்டர்டாமின் கன்சர்ட்கெபௌ அரங்கில் அக்டோபர் 29 அன்று வாசித்தது உண்மை. பீத்தோவனுக்கு நிமிர்ந்து உட்காரும் சபை அது. ஆனால் பல பாட்டுகள் டிசம்பரில் மிலானில், டிக்கெட் வாங்கிய கூட்டம் இல்லாமல் பதிவானவை. கொஞ்சம் லாஸ் ஏஞ்சல்ஸ் சரக்கும் உண்டு. கைதட்டலைப் பிற்பாடு ஒட்டினார்கள், கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவை ஆல்பத்தில் சேர்ப்பதுபோல.

வாசிப்பில் மட்டும் ஒட்டுவேலை இல்லை. எட்மண்ட் ஹாலின் கிளாரினெட் 'டார்டனெல்லா'வில் தொண்டை கரகரக்கச் சண்டைக்கு வருகிறது. டிரம்மி யங்கின் டிராம்போன் முட்டித் தள்ளுகிறது. ஜெர்மானியரின் பழைய குதிரைப்படை வீரன் பாட்டு ஒன்றை ஆம்ஸ்ட்ராங் நியூ ஆர்லியன்ஸ்காரன் ஆக்கிவிட்டார், ஜெர்மானியரே ஆட்சேபிக்கவில்லை.

ஆட்சேபித்தது சொந்த ஊர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்று 1956-இல், நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலம் சட்டம் போட்டது. ஆம்ஸ்ட்ராங் கறுப்பர், அவர் ஜமாவில் டிரம்ஸ் வாசித்த பாரெட் டீம்ஸ் வெள்ளைக்காரர். அதாவது உலகத்துக்கே தூதர், தன் ஜமாவோடு நியூ ஆர்லியன்ஸில் மேடையேற முடியாது. போங்கடா என்று 1965 வரை அங்கே வாசிக்கவே இல்லை.

1957 செப்டம்பரில் லிட்டில் ராக்கில் கறுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் ஆர்கன்சா கவர்னர் துருப்புகளை நிறுத்தினார். அமெரிக்க அரசாங்கமோ ஆம்ஸ்ட்ராங்கை ரஷ்யாவுக்கு அனுப்பத் திட்டமிட்டிருந்தது. போக முடியாது என்று, பேட்டி கேட்க வந்த இளம் நிருபரிடம் அவர் பொரிந்து தள்ளினார். கவர்னருக்குக் கொடுத்த பட்டத்தை எந்தப் பத்திரிகையும் அச்சேற்றாது. இருவரும் உட்கார்ந்து யோசித்து, 'படிப்பறிவில்லாத ஏரோட்டி' என்று கழுவிவைத்தார்கள். நம்பாத பத்திரிகை ஆசிரியருக்காக நிருபர் மறுநாள் செய்தியை எடுத்துவந்து நீட்டினார். ஆம்ஸ்ட்ராங் படித்துப் பார்த்து, 'சாலிட்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.