குரங்கு மூளையும் குடும்ப வழக்கும்

1984-இல் வந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' படத்தில் ஒரு மகாராஜா வீட்டு விருந்து உண்டு. முதலில் பெரிய பாம்பு. வயிற்றைக் கீறினால் உள்ளிருந்து குட்டிகள் நெளிந்து வரும். பிறகு வண்டு, கண்விழி மிதக்கும் சூப், கடைசியில் குளிரவைத்த குரங்கு மூளை. பந்தியில் ஒருவராவது "ரெண்டு சப்பாத்தி இருந்தா போடுங்க" என்று கேட்க வேண்டுமே, ஊஹூம். இத்தனைக்கும் அங்கே திவானாக உட்கார்ந்திருப்பவர், 'காந்தி' படத்தில் நேருவாக நடித்த ரோஷன் சேத்.

திரைக்கதையைப் பார்த்து இந்திய அரசு முகம் சுளித்ததால் படப்பிடிப்பு கண்டிக்குப் போயிற்று. அதனால் இமயமலைப் பக்கத்துக் கிராமத்தார் சிங்களம் பேசுகிறார்கள். யார் கேட்கப்போகிறார்கள்?

கதை நடப்பது 1935-இல். கடைசியில் பிரிட்டிஷ் பட்டாளம் வந்து காப்பாற்றுகிறது. அந்த வருஷம் வெள்ளைக்காரன் துப்பாக்கியைக் கண்டு நிம்மதிப் பெருமூச்சு விட்ட ஒரே ஊர் அதுவாகத்தான் இருக்கும்.

வில்லன் அம்ரிஷ் பூரி, மொட்டைத் தலையோடு, உயிரோடிருப்பவன் நெஞ்சில் கைவிட்டு இதயத்தைப் பிடுங்குகிற காளி பக்தர். அவர்மேல் உள்ள பிராது, சிவனுடைய கல்லைத் திருடிக் காளி கோயிலில் வைத்துவிட்டார் என்பது. புருஷன் பொருள் பெண்டாட்டி வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதானே! இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க, ஷாங்காயிலிருந்து தப்பி ஓடிவந்த அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் சாட்டையைச் சுழற்ற வேண்டியிருக்கிறது.