கொயர் அப்பா

சனிக்கிழமை காலையில் கிழக்கு லண்டனின் ரொம்ஃபோர்ட் வீதியின் இரட்டை மஞ்சள் கோட்டில் காரை நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டுவிட்டு, "ரெண்டு நிமிசம்தான்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு ஓடுகிறவரைக் கண்டால், அவர் கொயர் அப்பாவாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. காரின் பின் இருக்கையில் ஒரு மிருதங்கம், தமிழ்ப் பாடசாலைப் பை, கொயர் என்ற பள்ளிப் பாடகர் குழுவுக்கான கறுப்புச் சட்டை, சியர்லீடிங்கிற்கான வெள்ளி நிறப் பொம்பொம் இரண்டு. நடுவில் எங்கோ மகளும் இருப்பாள்.

ஊர் யாழ்ப்பாணம். வந்தது தொண்ணூறுகளில். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பிறகு ஒரு கடையில் பங்கு, பிறகு சொந்தக் கடை. மகள் இப்போது இயர் எயிட். அவள் பள்ளி முடிந்ததும் கொயருக்கு நிற்கப்போகிறேன் என்று வந்து சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி இசையைப் பற்றியது அல்ல.

"அதுக்கு எத்தினை பொயின்ட்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிரித்தானியப் பல்கலைக்கழக அனுமதிக்கான யூகாஸ் புள்ளிக் கணக்கில், தனிப்பாடலிலோ வாத்தியத்திலோ எட்டாம் கிரேடை டிஸ்டிங்ஷனுடன் முடித்தால் 30 புள்ளி. ஏ லெவலில் ஒரு ஏ ஸ்டாருக்கு 56. இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மனைவியின் பிறந்தநாளைத்தான் ஃபோனில் பார்க்க வேண்டும். பள்ளிக் கொயரில் பின்வரிசையில் நின்று ஐந்து வருடம் பாடினால் எத்தனை? பூச்சியம். இந்தப் பூச்சியத்தை அவர் ஒரு கிழமை முழுக்கச் சுமந்து திரிந்தார். கடைசியில், "விண்ணப்பக் கடிதத்தில எழுதலாம்" என்று யாரோ சொன்ன பிறகே அனுமதிப் படிவத்தில் கையெழுத்து விழுந்தது.

அடுத்த இடி, மகள் 'செகண்ட் அல்டோ' என்ற செய்தி.

"செகண்டோ? அப்ப ஃபர்ஸ்ட் ஆர்?"

செகண்ட் அல்டோ என்பது பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த ஸ்தாயிக்கு வைத்த பெயர், இரண்டாம் பரிசு அல்ல என்று மகள் விளக்கினாள். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. வீட்டில் அவள் பயிற்சி செய்தபோது சந்தேகம் இன்னும் வலுத்தது. கூட்டிசையில் பெரும்பாலும் மேற்குரல்தான் மெட்டைக் கொண்டு போகும். அல்டோவின் வரி பல இடங்களில் ஒன்றிரண்டு சுரத்திலேயே நின்று மற்றக் குரல்களுக்கு அடிப்பலமாக இருக்கும். தனியாகக் கேட்டால் குளிர்சாதனப் பெட்டி முனகுவது போலத்தான் இருக்கும். மோகனத்தில் வர்ணம் பாடும் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று வாய்ப்பாட்டு ரீச்சரிடம் அவர் இரகசியமாக விசாரித்தார். ரீச்சர், சென்னையில் எம்.பி. சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கித் தமிழ்ப் பாட்டுகளையே இப்படிப் பல குரலில் பாடவைத்தார் என்று எடுத்துச் சொன்னார். சினிமாவுக்கு இசையமைத்தவர் என்றதும் கொயர் அப்பாவின் முகம் சற்றுத் தெளிந்தது.

பிறகு ஓர் இரவு இணையத்தில், லண்டனின் மேற்கே நோர்தோல்ட் உயர்நிலைப் பள்ளியில் கேரத் மலோன் என்ற இளைஞர், பாடிப் பழக்கமே இல்லாத பிள்ளைகளைக் கொண்டு கொயர் அமைத்து, 2006இல் சீனாவின் ஷியாமென் நகரில் நடந்த உலகக் கொயர் போட்டிவரை கூட்டிப்போன பிபிசி தொடரைப் பார்த்தார். மறுநாள் பள்ளி வாசலில் இசை ஆசிரியரை மறித்து, "சைனாவுக்கு எப்ப?" என்று கேட்டதாகக் கேள்வி.

நத்தார் கச்சேரியில் அவர் முதல் வரிசை. எண்பது பிள்ளைகள் பாட, தன் மகளின் குரலை மட்டும் பிரித்தெடுக்கக் காதைக் கூர்மையாக்கினார். நல்ல கொயரில் அது நடக்காது. நடந்தால் ஆசிரியர் திட்டுவார். இருந்தாலும் வீடியோவை ஊருக்கு அனுப்பும்போது, "இடமிருந்து ஒன்பதாவது, அவளின்ர குரல்தான் தனியாக் கேக்குது" என்று எழுதினார்.

கொயராவது பரவாயில்லை. சியர்லீடிங் என்றதும் வீட்டில் மூன்று நாள் மௌனம்.

ஐபிஎல்லில் பார்த்த ஆட்டம்தான் அவர் கண்ணுக்குள் நின்றது. மகள் சளைக்கவில்லை, கூகுளில் தேடிச் சாட்சிகளை இறக்கினாள். 1898 நவம்பர் 2இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மைதானத்தில் கூட்டத்தை ஒழுங்காகக் கத்தவைத்து இதைத் தொடக்கிவைத்தவர் ஜானி கேம்பெல் என்ற மாணவன், ஆண்பிள்ளை. அங்கே பெண்கள் சேர்ந்தது 1923இல்தான். சர்வதேச ஒலிம்பிக் குழு 2021இல் இதன் உலக அமைப்பை முழுமையாக அங்கீகரித்துவிட்டது. ஜனாதிபதி ஐசனோவர் சியர்லீடர். ரீகன் சியர்லீடர். ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் உயர்நிலைப் பள்ளியில் தலைமைச் சியர்லீடர்.

"புஷ்சோ?" என்றார் அப்பா. ஈராக் யுத்தத்தை மறந்து, முதல் தடவையாக அந்த மனிதர்மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

அடுத்த கேள்வி உடனே வந்தது: "பிள்ளை, நீ மேல நிக்கிறனியோ, கீழ தாங்கிறனியோ?" தூக்கப்படுகிறவள் ஃப்ளையர், தாங்குகிறவர்கள் பேஸ். மகள் பேஸ். தாங்குகிறவள் பிசகினால் மேலே நிற்பவளின் கழுத்துக்கே ஆபத்து, பொறுப்பு முழுக்கக் கீழேதான் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தன் மகளின் தோளில் வேறொருவர் மகள் ஏறி நின்று கை அசைப்பதை ஏற்கத் தமிழ்த் தகப்பனுக்குக் கொஞ்சக் காலம் வேண்டும்.

விஷயத்தை முடித்துவைத்தவர் மாமி. உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவர். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய பள்ளி அது. சைவப் பிள்ளையாக இருந்துகொண்டே அங்கே கரோல் பாடியவர். மருமகனைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, பிக் மேட்சுக்கு நீங்கள் ஆடின ஆட்டத்துக்கு ஆர் அனுமதிப் படிவம் தந்தது?"

அங்கேதான் மனிதர் பிடிபட்டார். யாழ். மத்திய கல்லூரிக்கும் பரி யோவான் கல்லூரிக்கும் 1904 முதல் நடக்கும் துடுப்பாட்டம், வடக்கின் பெருஞ்சமர். எல்லைக்கோட்டுக்கு வெளியே பப்பரே வாத்தியம், பைலா, கொடி, சைக்கிள் ஊர்வலம். விக்கெட் விழுந்தால் மைதானத்துக்குள் இறங்கி ஆடும் பெடியள் கூட்டத்தின் முன்னணியில் நமது கொயர் அப்பா இருந்தார். இடுப்பில் பள்ளிக் கொடி, சேட்டு எங்கே என்று அவருக்கே தெரியாது. அந்தக் கோலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் மாமியின் அல்பத்தில் இருக்கிறது. மகளின் ஃபோனிலும் இப்போது இருக்கிறது.

அவருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம்: பாட்டுக்கும் ஆரவாரத்துக்கும் அவர் குடியேறிய இடமும் பிழையான இடமல்ல. பாடகி வேரா லின் 1917இல் பிறந்தது பக்கத்து ஈஸ்ட் ஹாமில். வெஸ்ட் ஹாம் காற்பந்துக் குழுவின் நுரைக்குமிழிப் பாட்டே உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிறந்த பழக்கம் என்று ஒரு கதை உண்டு: கொர்னீலியஸ் பீல் என்ற தலைமை ஆசிரியர், பள்ளிப் பெடியள் நன்றாக விளையாடியபோது சொற்களை மாற்றி அந்தப் பாட்டைப் பாடுவாராம். பாட்டையும் உற்சாகப்படுத்தலையும் ஒருவரே பார்த்துக்கொண்டார், புள்ளி எதுவும் கேட்காமல். 1999இல் அப்டன் பார்க் மைதானத்தில் 23,680 பேர் ஒரே நேரத்தில் குமிழி ஊதிச் சாதனையும் வைத்தார்கள்.

போன மாதம் மகளின் குழுவுக்கு முதல் சியர் போட்டி. பெற்றோர் வாட்ஸப் குழுவைக் கொயர் அப்பா ஏற்கனவே கைப்பற்றிவிட்டார். கோச் வண்டி அவர் பேசியது. ரோல்ஸ் அவர் கடையிலிருந்து, சைவம் தனிப் பெட்டியில். கானா நாட்டுத் தாய் ஒருவரும் வங்காளத் தகப்பன் இருவரும் அவரிடம் "அரோகரா" பழகிவிட்டார்கள். இறுதிச் சுற்றில் அதைத்தான் கத்துவதாகத் திட்டம்.

வதந்தி எப்படியோ பள்ளிக்கு எட்டி, பெற்றோருக்கு ஒரு கடிதம் வந்தது. மண்டபத்தில் விசில், டிரம், ட்ரம்பெட், காற்று ஹோர்ன் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை.

அவர் இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாம் முறை வாசித்தார்.

"இஞ்சரும்," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "இதில தவில் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. சேர்ச் வீதி முருகன் கோவில் மேளகாரத் தம்பியின்ர நம்பரை ஒருக்கா எடும்."