நவாப் கட்டிய மீட்டர் வட்டி

சேப்பாக்கத்தில், எழிலகத்தை ஒட்டி, சிவப்பாக நிற்கிற பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். கர்நாடக நவாப் முகமது அலி வாலாஜா ஆற்காட்டை விட்டு வந்து 1768-ல் கட்டிக்கொண்ட அரண்மனை அது. வெள்ளைக்காரர்களின் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தால் பாதுகாப்பு என்பது நவாபின் கணக்கு. வசூலுக்குத் தூரம் நடக்க வேண்டாம் என்பது கோட்டைக்காரர்களின் கணக்கு.

அரியணைக்குப் போட்டியாக நின்ற சந்தா சாகிபையும் அவர் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர்களையும் ஒழித்து இவரை அரியணையில் உட்கார வைத்தது கிழக்கிந்தியக் கும்பெனி. உட்கார வைத்த கையோடு பில்லை நீட்டியது. நவாபிடம் காசில்லை. கும்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கும்பெனி ஊழியர்களிடமே கடன் வாங்கினார். ஆரம்பத்தில் வட்டி 36 சதவீதம். பின்னால் மனமிரங்கி 25, 20, 10 என்று இறங்கினார்கள்.

வருஷத்துக்கு ஐந்து பவுண்டு சம்பளத்தில் கப்பலேறி வந்த குமாஸ்தாக்களுக்கு லட்சக்கணக்கில் கடன் கொடுக்கப் பணம் ஏது? கொஞ்சம் துபாஷிகள் என்ற உள்ளூர்த் தரகர்களின் பணம். கொஞ்சம் கள்ள வியாபாரம். மிச்சத்துக்குப் பணமே கிடையாது, பத்திரம் மட்டும்தான். வேண்டிய காரியத்தை முடித்துக் கொடுத்த துரைக்கு ரொக்கமாகக் கொடுத்தால் அது லஞ்சம். ‘உங்களிடம் இவ்வளவு வராகன் வாங்கினேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கண்ணியமான கடன்! பினாமி என்பது ஏதோ நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கடனுக்கு ஈடு சீமைகளின் வரி. இன்ன சீமையின் கிஸ்தி இன்ன துரைக்கு என்று எழுதிக் கொடுப்பார் நவாப். 1777-ல் டெய்லர், மெஜெண்டி, கால் என்று மூன்று கனவான்கள் குதிரைப்படையின் சம்பளப் பாக்கியைத் தாங்கள் கட்டுவதாக முன்வந்தார்கள். தொகை 1,60,000 பவுண்டு. உடனே சீமைகளின் வரியைத் தங்கள் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் வரி வந்தது, குதிரைக்காரர்களுக்குச் சம்பளம் முழுசாக வந்தபாடில்லை. வந்த வரியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, கடன் கொடுத்ததாக வட்டியும் எழுதினார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவனாவது பிள்ளையாரிடம் வட்டி கேட்க மாட்டான்.

ரயத்து கட்டிய வரி ஏரிக்கரைக்கும் மதகுக்கும் திரும்பி வந்திருந்தால் அடுத்த போகமாவது விளைந்திருக்கும். அது பத்திரத்துக்குப் போயிற்று. கர்நாடகத்திலும் தஞ்சையிலுமாகப் பத்தாயிரம் ஏரி குளமாவது இருக்கும், அவற்றைச் செப்பனிட வேண்டிய காசு கடன்காரர்கள் பைக்குப் போகிறதே என்று 1785 பிப்ரவரி 28-ல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் கத்தினார். தூர் வாராத ஏரியைப் பற்றி இங்கிலாந்தில் ஒருத்தர் தொண்டை கிழியப் பேசியிருக்கிறார். இங்கே பேசக் கேட்பதே அபூர்வம்.

நவாபை ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வெள்ளைக்காரனிடம் கடன்பட்டால் அவன் எஜமான். ஊர்ப்பட்ட வெள்ளைக்காரர்களிடம் கடன்பட்டால் அத்தனை பேரும் நம் ஆயுள் கெட்டியாக இருக்க வேண்டிக்கொள்வார்கள். அந்தச் சூட்சுமம் மனுஷருக்குத் தெரிந்திருந்தது.

அதன் பலனைச் சென்னை கவர்னர் பிகட் பிரபு அனுபவித்தார். நவாப் பிடித்து வைத்திருந்த தஞ்சாவூரை 1776-ல் மராட்டிய ராஜா துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார் பிகட். அங்கேதான் பால் பென்ஃபீல்டு என்ற சின்ன உத்தியோகஸ்தர், வயலில் நிற்கிற நெல் உட்பட, தனக்கு 2,34,000 பவுண்டு பாக்கி என்று கணக்குக் காட்டினார். ‘ஐயா, உமது சம்பளம் என்ன?’ என்ற கேள்வி கவுன்சில் பெரும்பான்மைக்குத் தோன்றவில்லை. பலர் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள், எப்படித் தோன்றும்? ஆகஸ்ட் 24-ஆம் தேதி மாலை, கூடவே வண்டியில் வந்த கர்னல் ஸ்டூவர்ட்டே உடந்தையாக இருந்து, அந்தக் கணக்கை எதிர்த்த கவர்னரைக் கைது செய்தார்கள். மறு வருஷம் மே மாதம் காவலிலேயே பிகட் செத்துப்போனார். பென்ஃபீல்டு 1780-ல் பார்லிமெண்ட் மெம்பர் ஆனார். கடைசியில் பாரிஸில் ஏழையாகச் செத்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம் உண்டு.

1784-ல், கும்பெனியை மேற்பார்க்கிற லண்டன் போர்டில் இருந்த ஹென்றி டண்டாஸ், எந்தக் கடன் நிஜம், எது போலி என்று விசாரிக்காமலே, பழைய கடன்கள் எல்லாவற்றையும் கர்நாடக வரியிலிருந்து கட்டிவிடச் சொன்னார். பர்க் கத்தியது அதற்காகத்தான். எடுபடவில்லை.

1801-ல் நாட்டையே கும்பெனி விழுங்கியது. இப்போது வரி தன் பெட்டிக்கு வருகிறது. உடனே நேர்மை வந்துவிட்டது! மீதிக் கடன்களைப் பரிசோதிக்க 1805-ல் ஒரு கமிஷன் போட்டார்கள். கால் நூற்றாண்டு உட்கார்ந்து பத்திரம் பத்திரமாகப் புரட்டினார்கள். பாக்கி என்று கேட்டு வந்த தொகை சுமார் 3 கோடி பவுண்டு. நிஜம் என்று தேறியது சுமார் 27 லட்சம்.

1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்த பிறகு சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே எடுத்துக்கொண்டது. உள்ளே குடிவந்த அலுவலகம், ரெவின்யூ போர்டு.