இசை நகரத்துக்கு வடக்கே வசிப்பவர்களின் விண்ணப்பம்

அனுப்புநர்:
பாட்டுப் பைத்தியம் பிடித்த பெரம்பூர்வாசி,
திரு.வி.க. நகர் மண்டலம், சென்னை.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
படைப்பாக்க நகரங்கள் பிரிவு,
யுனெஸ்கோ தலைமையகம், பாரிஸ்.

பொருள்: இசை நகரத்தின் வடக்கு எல்லையை அளந்து கல் நட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாகத் தாங்கள் சேர்த்துக்கொண்ட 2017ஆம் ஆண்டு அறிவிப்பு.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் பக்கத்தில் ‘பாரிஸ்’ என்று ஷேர் ஆட்டோக்காரர் கூவினால் அது பாரிமுனை. தபால்காரர் அந்தப் பழக்கத்தில் இந்தக் கடிதத்தைப் பிராட்வேயில் எங்காவது கொடுத்துவிட்டாலும் குறையில்லை. சென்னையின் இசை விவகாரம் பாரிமுனை வரை வந்து சேர்ந்தாலே எங்களுக்குப் பெரிய முன்னேற்றம்தான்.

2017இல் தங்கள் அறிவிப்பு வந்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் எங்களுடையதும் உண்டு. சொத்துவரி ரசீதில் ‘சென்னை’ என்றே அச்சடித்துத் தருகிறார்கள். ஆகவே நாங்களும் இசை நகரத்துக்குள்தான் குடியிருக்கிறோம் என்று நம்பிவந்தோம். கடந்த சில ஆண்டுகளில் நடந்த கச்சேரிகளின் முகவரிகளை வரிசையாக எழுதிப் பார்த்ததில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. தங்கள் மேலான பார்வைக்கு:

2023 செப்டம்பர் 10. ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’. இடம்: கிழக்குக் கடற்கரைச் சாலை, பனையூர்.

2025 பிப்ரவரி 5. எட் ஷீரன். இடம்: நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம்.

2025 ஆகஸ்ட் 23. அனிருத்தின் ‘ஹுக்கும்’. முதலில் குறித்த இடம் திருவிடந்தை. அது போதவில்லை என்று கடைசியில் கூவத்தூருக்குப் போனது.

கூவத்தூர் எங்கே இருக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும் தாண்டி இருக்கிறது. 2017இல் எங்கள் சட்டமன்ற உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு சொகுசு விடுதியில் பத்திரமாக வைத்திருந்தார்களே, அந்தக் கூவத்தூர். யார் கண்ணிலும் படக் கூடாது என்று தேர்ந்தெடுத்த ஊர் அது. அதே ஊரை ‘எல்லோரும் வாருங்கள்’ என்று அழைக்கும் கச்சேரிக்கும் தேர்ந்தெடுக்க ஓர் அசாத்தியத் துணிச்சல் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊருக்குச் சென்னைக் கச்சேரி கிடைக்கிறது. பெரம்பூருக்குக் கிடைப்பதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். 2024 பிப்ரவரி 10 அன்று சந்தோஷ் நாராயணன் ‘நீயே ஒளி’ என்ற பெயரில் நேரு ஸ்டேடியத்தில் கச்சேரி நடத்தினார். அந்தப் பெயர், வடசென்னைக் குத்துச்சண்டையைச் சொன்ன ‘சார்பட்டா பரம்பரை’ படத்துப் பாட்டின் பெயர். அந்த மரியாதைக்காகவோ என்னவோ, இசை அன்று வடக்கு நோக்கிக் கிளம்பிப் பெரியமேடு வரை வந்தது. பேசின் பாலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அமைப்பாளர்கள் சொல்லும் காரணங்களும் எங்கள் காதுக்கு வராமலில்லை. ஒவ்வொன்றாகப் பதில் சமர்ப்பிக்கிறேன்.

காரணம் ஒன்று, போக்குவரத்து வசதி. ஐயா, பெரம்பூர் பெயரில் மட்டும் மூன்று ரயில் நிலையங்கள் உள்ளன: பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். பனையூருக்கோ கூவத்தூருக்கோ ஒரு ரயில் நிலையமும் இல்லை. 2025 ஜனவரியில் கோல்ட்பிளே குழு அகமதாபாத்துக்கு வந்தபோது மும்பையிலிருந்து ரசிகர்களுக்காகச் சிறப்பு ரயிலே விட்டார்கள். 1955 முதல் இந்தியாவுக்கு ரயில் பெட்டி செய்து தருவது எங்கள் ஐ.சி.எஃப். முதல் வந்தே பாரத் ரயிலும் 2018இல் இங்கிருந்துதான் வெளியே போனது. ரயில் செய்கிற ஊரை விட்டுவிட்டு, ரயிலே போகாத ஊரில் பல்லாயிரம் பேரைக் கூட்டி, பிறகு ‘டிராஃபிக்’ என்று தலையில் கைவைத்துக்கொள்வது எந்த ஊர் நிர்வாகம் என்று விளங்கவில்லை.

காரணம் இரண்டு, சட்டம் ஒழுங்கு. ‘வடசென்னை என்றால் கலாட்டா’ என்பது சினிமாவில் படித்த பாடம். பனையூரில் நடந்தது என்ன? டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே போக முடியவில்லை. பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் சிக்கினார்கள். அன்றைய முதல்வரின் வாகன வரிசையே அந்தச் சாலையில் மாட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. அவர் அப்போது எங்கள் பக்கத்துத் தொகுதியான கொளத்தூரின் உறுப்பினர்; தொகுதிப் பக்கமே கச்சேரி வைத்திருந்தால் அவருக்கும் அலைச்சல் மிச்சம். உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானே கேட்க வேண்டியதாயிற்று. இத்தனையும் நடந்த இடத்தில் வடசென்னைக்காரர் யாரும் கத்தி தூக்கவில்லை. கூட்டத்தை ஒழுங்காகக் கூட்டுவது எங்களுக்குப் பரம்பரைத் தொழில். 1918இல் பின்னி மில் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது இதே பெரம்பூரில்தான். ஆயிரக்கணக்கானவர்களை ஒரே குரலில் பேசவைத்த ஊருக்கு, ஆயிரக்கணக்கானவர்களை ஒரே தாளத்தில் ஆடவைக்கத் தெரியாதா?

காரணம் மூன்று, மைதானம் இல்லை. பின்னி மில் நிலத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது, அதைக் கேட்கவில்லை. ரயில்வே மைதானங்கள் இருக்கின்றன. தேடினால் கிடைக்கும். கல்பாக்கத்துக்கு அப்பால் போய்த் தேடியவர்களுக்கு அயனாவரம் பக்கம் தேடத் தெம்பு இருக்காதா?

காரணம் நான்கு, டிக்கெட் வாங்க மாட்டார்கள். இதற்குப் பதிலாக எங்கள் பிருந்தா தியேட்டரைச் சொல்கிறேன். 1985இல் ரஜினிகாந்த் திறந்துவைத்தது, 2025இல் மூடியது. அந்த நாற்பது ஆண்டும் முதல் நாள் முதல் காட்சிக்குத் திரைக்கு முன்னால் ஆடியவர்கள் டிக்கெட் வாங்காமலா உள்ளே வந்தார்கள்?

இனி இசைக்கு வருகிறேன். சரக்கு எங்கே இறங்குகிறது, எங்கே விலைபோகிறது என்பதை எண்ணூரைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். காமராஜர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. அனல்மின் நிலையத்தில் எரிகிறது. மின்சாரம் கம்பியேறி ஊருக்கெல்லாம் போகிறது. பனையூர் மேடையின் எல்.இ.டி. திரைக்கும் கொஞ்சம் போயிருக்கும். சாம்பல் மட்டும் கழிமுகத்தை விட்டு நகர்வதில்லை. பாட்டு விஷயத்திலும் இதே ஏற்பாடுதான்.

தாங்கள் பட்டம் கொடுத்த அதே 2017இல், ஜனவரி மாதம், ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ வெளிவந்தது. கபேர் வாசுகி எழுதினார், கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று ராகமாலிகையாகப் பாடினார். என் கருத்தில் இந்த நகரம் பற்றி வெளிவந்த சுயாதீனப் பாட்டுகளில் அதற்கு இணை இன்னும் வரவில்லை. சபா மேடைக்கு வெளியே நிறுத்தியிருந்த மெட்ராஸ் பேச்சு, ஆனந்தபைரவியின் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தது. தெற்கே எல்லோரும் கேட்டார்கள், பகிர்ந்தார்கள், கண் கலங்கினார்கள். கழிமுகம் அங்கேயே இருக்கிறது, சாம்பலோடு.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அதில் பாடிய ராயபுரத்து இசைவாணி, ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவுக்குள் தன் குரலோடு நுழைந்தவர். 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். லண்டன்காரர்களுக்கு ராயபுரம் தெரிந்திருக்கிறது. நந்தனத்துக்குத்தான் வழி தெரியவில்லை.

ராப் பாடகர் அறிவின் ‘தெருக்குரல்’ 2019இல் வந்தது. அவர் அரக்கோணத்துக்காரர், எங்கள் லோக்கல் ரயில் லைனின் மறுகோடி. 2021இல் அவர் எழுதிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகம் சுற்றியது. அந்த ஆகஸ்டில் ஒரு பிரபல இசை இதழ் அட்டைப்படம் போட்டபோது எழுதியவர் முகம் அதில் இல்லை. ரஞ்சித் தட்டிக்கேட்ட பிறகு அவருக்குத் தனியாக, அச்சில் வராத இணைய அட்டை ஒன்றை வெளியிட்டார்கள். நிலக்கரியை யாரும் படம் பிடிப்பதில்லை, விளக்கைத்தான் பிடிப்பார்கள்.

கானா பாலா ‘அட்டகத்தி’யில் பாடியது 2012. ‘மெட்ராஸ்’ வந்தது 2014, ‘வடசென்னை’ 2018. எங்கள் சாவு வீட்டில் விடியவிடிய டோலக்கோடு பாடியபோது ‘ரோதனை’ என்றவர்கள், அதே தாளம் படத்தில் வந்ததும் ‘அண்டர்கிரவுண்ட் சவுண்ட்’ என்று தலையாட்டுகிறார்கள். கம்பெனி தயவில்லாமல் தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, தானே ஊரூராகக் கொண்டுபோய்ப் பாடுவதைத்தான் ‘இண்டி’ என்கிறார்கள் என்றால், எங்கள் கானாக்காரர்கள் அந்தச் சங்கத்தின் நிறுவன உறுப்பினர்கள். சந்தா பாக்கி எதுவுமில்லை.

எங்களுக்கு எதுவுமே வருவதில்லை என்று பொய்ப்புகார் தர மாட்டேன். பொங்கலுக்குச் சென்னைச் சங்கமம் வடசென்னைக்கும் வந்திருக்கிறது. 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ நடக்கிறது. பறை, கரகம், ஒப்பாரி எல்லாம் கேட்கிறோம், கைதட்டுகிறோம். நல்ல காரியங்கள். சங்கடம் எங்கே என்றால், யாரோ எங்கோ உட்கார்ந்து பங்கு பிரித்துவிட்டார்கள்: வேர் வடக்குக்கு, பூ தெற்குக்கு, நாட்டார் கலை எங்களுக்கு, உலகச் சுற்றுப்பயணம் அவர்களுக்கு. எங்கள் வீட்டுப் பறையை எங்களுக்கே வாசித்துக் காட்டுகிறார்கள். நன்றி. அடுத்த வீட்டு கிடாரைக் கேட்கவும் எங்களுக்குக் காது இருக்கிறது. ஷீரன் தனியாளாக நின்று லூப் பெடலை மிதித்து ஒரு வாத்தியக் குழுவையே எழுப்பும் வித்தையை, ரஹ்மான் மேடையேறி அவர் பாட்டோடு ‘ஊர்வசி’யைச் சேர்த்துவிட்ட அந்தச் சில நிமிடத்தை, பெரம்பூர்க்காரன் மட்டும் ஏன் கைப்பேசியில் பார்க்க வேண்டும்?

கிடார் எங்களுக்கு அந்நியமும் இல்லை. ரயில்வேயில் வேலைபார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்ந்தன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்றால் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் பேண்டு வாசிக்கும், ஜோடிகள் ஆடும். மேற்கத்திய இசைக்கு இந்த ஊரில் அப்போதே நிரந்தர முகவரி இருந்தது. இப்போது அதே இசையைத் தேடி நாங்கள் 29சி பேருந்தில் ஏறுகிறோம். பெசன்ட் நகர் போகும் அந்த வண்டி மியூசிக் அகாடமி பக்கமாகவே போகும். போகும்போது நாங்கள் ஏறுகிறோம் என்பது புரிகிறது. திரும்பி வரும்போது அந்தப் பக்கத்து இசை ஒன்றுகூட ஏறாமல் வருவது ஏன் என்பதுதான் புரியவில்லை.

ஆகவே, கீழ்க்காணும் கோரிக்கைகளைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. இசை நகரத்தின் வரைபடத்தைக் கையொப்பமிட்டு அனுப்பவும். பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் அதில் உண்டா இல்லையா என்று தெளிவாகக் குறிப்பிடவும்.

2. சென்னை என்று சுவரொட்டி அடிக்கும் சுற்றுப்பயணக் குழுக்கள், கூவத்தூருக்குப் போகும் வழியில் ஒருமுறையாவது சென்னைக்கும் வந்துபோக ஆவன செய்யவும்.

3. டிக்கெட்டை வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று பிரிக்க வேண்டாம். அதெல்லாம் வேண்டுமென்றால் எங்களுக்குச் சௌகார்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. நின்று ஆட இடமும், கூலி வேலை செய்பவரும் கொடுக்கக்கூடிய விலையும் போதும்.

4. முதலில் பாட உள்ளூர்க் கானாக்காரரை அழைக்கவும். அவர் பெயரை வெளிநாட்டுக்காரர் பெயரின் அளவிலேயே அச்சடிக்கவும். சம்பளத்தைக் கச்சேரி முடிந்த அன்றே கொடுக்கவும். ‘எக்ஸ்போஷர்’ என்று சொல்லி அனுப்பினால் நாங்கள் மறுபடியும் யூனியன் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

5. இரவு பத்து மணி ஒலிபெருக்கி விதியைச் சாவு வீட்டுக்கும் கடற்கரைச் சாலைக்கும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து அமல்படுத்தச் சொல்லவும்.

மேற்படி எதுவும் இயலாது என்றால் பட்டத்திலாவது ஒரு சின்னத் திருத்தம் போதும்: ‘சென்னை’ என்பதற்குப் பதில் ‘நந்தனம் முதல் கூவத்தூர் வரை’ என்று எழுதிவிடுங்கள். நாங்கள் மனு மேல் மனு போடும் செலவாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
தங்கள் பட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியாத,
பெரம்பூர்வாசி.

நகல்:
1. மாநகராட்சி அலுவலகம் – தகவலுக்காக.
2. கச்சேரி அமைப்பாளர்கள் அனைவரும் – நடவடிக்கைக்காக.
3. திரு. எட் ஷீரன் – அடுத்தமுறை வரும்போது லோகோ ஒர்க்ஸ் ஸ்டேஷனில் இறங்கவும். கிடாரைத் தூக்க ஆள் அனுப்புகிறோம்.