கொஞ்சம் தூக்கி, லேசா தள்ளி

ஒரகடத்திலோ மாத்தூரிலோ சுங்குவார்சத்திரத்திலோ 'டு லெட்' பலகையைப் பார்த்து நில்லுங்கள், அவர் வந்துவிடுவார். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் துண்டு, கையில் பிளாஸ்டிக் கயிற்றில் கோத்த சாவிக்கொத்து. நிலத்தில் பாதி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போக, மிச்சத்தில் லைன் வீடு கட்டி ஹவுஸ் ஓனர் ஆனவர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய காலத்தில் கீழ் வரிசை. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்ததும் மாடி. வாடகை ஆலைகளோடு சேர்ந்து ஏறியது. பூட்டு மட்டும் கீழ் வரிசைக் காலத்திலேயே நிற்கிறது.

"இது அந்தக் காலத்துப் பூட்டு தம்பி. இப்ப இந்த மாதிரி வராது" என்பார். உண்மைதான். சில நாள் சாவியும் வராது.

அட்வான்ஸை எண்ணி வாங்கியதும் பாடம் ஆரம்பம். "சாவிய முழுசா விட்டுடாதீங்க. ஒரு நெல்லளவு வெளிய இழுங்க. கதவக் கொஞ்சம் தூக்கி, லேசா தள்ளி, இப்பத் திருப்புங்க. பாத்தீங்களா?" அவர் கைக்குத் திறக்கும். செகண்ட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நள்ளிரவில் நாம் திருப்பினால் திறக்காது. காலையில் போய்ச் சொன்னால் ஒரே தீர்ப்பு: "கை பழகணும்." பூட்டில் குறை என்று அவர் வாயால் வரவே வராது, குறையெல்லாம் குடியிருப்பவன் கையில்.

குடியிருப்பவனோ சிஎன்சி ஆபரேட்டர். அவன் ஆலையில் இருபது மைக்ரான் பிசகினாலே பாகம் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்தால், சாவித் துவாரத்துக்குள் சாவி தாராளமாகக் குலுங்குகிறது. உள்ளே பித்தளை லீவர்கள் சாவி உரசும் இடத்தில் தேய்ந்திருக்கின்றன. சாவியின் பல் அதைவிட மோசம்: அசலைப் பார்த்து வெட்டிய டூப்ளிகேட், அதைப் பார்த்து இன்னொன்று என்று வந்த கொள்ளுப்பேரன் அது.

திண்டுக்கல்லிலிருந்து வந்த பையன் ஒருவன் மாட்டினால் ஓனருக்குக் கொண்டாட்டம். "பூட்டு ஊரா? அப்ப உனக்குத் தண்ணி பட்ட பாடாச்சே!" 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டின் ஊர்க்காரன், கதவை ஒரு தோளால் முட்டிக்கொண்டு நிற்பான். ஒடிசாக்காரப் பையனுக்கு இதே பாடம் இந்தியில்: "தோடா உட்டாவ், தோடா தக்கா, பஸ்!" அவர் கற்ற இந்தி மொத்தமும் இந்தப் பூட்டு போட்ட பிச்சை.

வைத்தியம் ஒன்றே ஒன்று, தேங்காய் எண்ணெய். ஊற்றிய அன்று பூட்டு வழுக்கும். டிப்பர் லாரிகள் கிளப்பும் புழுதி அதில் ஒட்டி, சில வாரங்களில் உள்ளே பசை காய்ச்சிவிடும். பென்சில் கரியைச் சீவித் தூவினால் ஒட்டாது என்று யாராவது சொன்னால், "ஸ்கூல் பையன் வேலை" என்று ஒதுக்கிவிடுவார்.

ஐப்பசி மழையில் கதவு ஊதும், கீலின் திருகுகள் தளர்ந்து கதவு தொங்கும், பூட்டின் நாக்கு நிலையிலிருக்கும் துளைக்குக் கீழே முட்டும். 'கொஞ்சம் தூக்கி' என்ற மந்திரத்தின் பிறப்பிடம் இதுதான். ஒரு திருப்புளி எடுத்தால் முடிகிற வேலைக்கு இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறார்.

உச்சம் இன்னொன்று. நாலாம் நம்பர் சாவி ஏழாம் நம்பரைத் திறந்துவிட்டது. லீவர் தேய்ந்து, எந்தச் சாவிக்கும் தலையாட்டும் நிலை. ஓனர் அசரவில்லை: "எல்லாரும் ஒரே குடும்பமாட்டம்தானே இருக்கீங்க!" காலி செய்து போனவர்களிடம் எத்தனை சாவி இருக்கும் என்று கேட்டால், "போனவங்க எல்லாம் தங்கமான பசங்க." அவர் வீட்டு வாசலில் மட்டும் பளபளவென்று புதுப் பூட்டு. "அது வேற தம்பி, உள்ள பத்திரம் இருக்கு."

ஆகவே, வீடு பார்க்கப் போகிறவர்களே, அவர் திறந்து காட்டியதைப் பார்த்துப் பணத்தை நீட்டாதீர்கள். சாவியை நீங்கள் வாங்கித் திருப்புங்கள். கதவைத் திறந்துவைத்து ஒரு முறை, மூடி ஒரு முறை. திறந்திருக்கையில் சுலபமாகத் திரும்பி, மூடியதும் முரண்டினால் கோளாறு கீலில். திருகை முடுக்கினால் போதும். இரண்டிலும் முரண்டினால் வேறு சாவி போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் பூட்டை மாற்றத்தான் வேண்டும். பாதி திருப்பும்போதே சாவி கையோடு வந்துவிட்டால், புதுப் பூட்டு மாட்டிய பிறகுதான் அட்வான்ஸ் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து ரூம் சாவியையும் ஒரு தடவை கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள்.