சர்வகலாசாலைப் பஞ்சாங்க விசாரம்

திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து அங்கங்களை உடையதால் பஞ்சாங்கம் எனப் பெயர்பெற்ற நூலைக் குறித்து நம் முன்னோர் வாக்கியம் என்றும் திருக்கணிதம் என்றும் இரு கட்சியாகப் பிரிந்து நின்று வாதம் செய்திருக்கிறார்களேயன்றி, வேலைநாள், விடுமுறை, பரீட்சை, கட்டணம் செலுத்தக் கடைசி நாள், அபராதத்துடன் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் என்னும் வேறு ஐந்து அங்கங்களை உடையதான சர்வகலாசாலைக் காலண்டரைச் சாஸ்திர முறைப்படி விசாரித்தவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. சென்னைச் சர்வகலாசாலை 1857-இல் ஸ்தாபிதமாகி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இக்குறை நீங்காதிருப்பது வருந்தத்தக்கதாகையால், அடியேன் இதில் பிரவேசிக்கலானேன்.

முதற்கண் பதப்பொருள். ‘செமஸ்டர்’ என்னும் சொல் லத்தீன் பாஷையில் ஆறு மாதத்தைக் குறிப்பது. பல்கலைக்கழக மானியக் குழு ஒரு செமஸ்டருக்கு விதித்திருப்பதோ 90 வேலைநாட்கள். வாரத்துக்கு ஆறு நாள் வீதம் கணக்கிட்டால் 15 வாரம், அதாவது ஏறக்குறைய மூன்றரை மாதம். எஞ்சிய இரண்டரை மாதம் என்னவாயிற்று என்று கேட்கும் அன்பர்களுக்கு, அது பரீட்சை நடத்துவதிலும், நடத்த இயலாத பரீட்சையை ஒத்திவைப்பதிலும், ஒத்திவைத்ததை மறுபடி நடத்துவதிலும் விரயமாகிறது என்பதே சமாதானம்.

இக்காலண்டரின் ஆழத்தை உணர விரும்புவோர் நம் கலாசாலைகளில் வழங்கும் ‘டே ஆர்டர்’ என்னும் தத்துவத்தைப் பயில வேண்டும். ஞாயிறு முதலிய கிழமைகள் கிரகங்களுக்குக் கட்டுப்பட்டவை. டே ஆர்டரோ எந்தக் கிரகத்துக்கும் கட்டுப்படாமல் ஒன்று முதல் ஆறு வரை எண்ணப்பட்டு, விடுமுறை குறுக்கிட்டால் அப்படியே நின்று, அது கழிந்தவுடன் நின்ற இடத்திலிருந்தே நடப்பது. செவ்வாய்க்கிழமை விடுமுறையானால் செவ்வாய்க்கிழமைப் பாடம் நாசமாகிவிடும் என்ற தோஷத்துக்குப் பரிகாரமாக ஏற்பட்ட இம்முறையில், 90-ஐ ஆறால் வகுக்க மிச்சமின்றிப் பதினைந்து சுற்று வருவது ஒரு தெய்வ சங்கற்பம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் மட்டுமே இயங்கும் கலாசாலையில், முதல் திங்கட்கிழமை ஒன்றாம் டே ஆர்டர் என்றால் அடுத்த திங்கள் ஆறாவதாகவும், அதற்கடுத்தது ஐந்தாவதாகவும், ராகு கேதுக்களைப் போலப் பின்னோக்கியே சென்று, ஆறு வாரம் கழித்துத்தான் ஒன்றாவதற்கு வந்து சேரும். இடையில் திருவாரூர்த் தேருக்கோ, நாகூர்க் கந்தூரிக்கோ, வேளாங்கண்ணித் திருவிழாவுக்கோ கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவித்து, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்கிவிட்டால், இந்தக் கணிதமும் பொய்த்துப்போம். ஆகவே, நரை கண்ட பேராசிரியர் ஒருவர் காலையில் மாணவனை நிறுத்தி, ‘இன்றைக்கு என்ன டே ஆர்டர், தம்பி?’ என்று விசாரிப்பதைக் கண்டு நகைப்பது அறியாமையின்பாற்படும்.

இனி, இக்காலண்டரில் மாறுதல் செய்வது சாத்தியமா என்னும் கேள்வி. பல ஜில்லாக்களில் பரவிய கலாசாலைகளைத் தன் ஆளுகையில் கொண்ட ஒரு சர்வகலாசாலையில், இதற்கென நியமிக்கப்பட்ட கமிட்டியில் ஓர் அங்கத்தினனாக அமரும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. நவம்பர் மாதத்தில் பரீட்சை வைக்கிறோம். நவம்பரோ வடகிழக்குப் பருவமழையின் நடுமத்தி. ஒரு ஜில்லாவில் வெள்ளம் புரண்டு மற்றொன்றில் வெயில் காய்ந்தாலும் வினாத்தாள் எங்கும் ஒன்றேயாகையால், ஓரிடத்து மழைக்காக எல்லாரும் குடை பிடிக்க வேண்டியதாகிறது என்பது பூர்வபட்சம். அக்டோபருக்கு மாற்றலாம் என்றார் ஒருவர். ஆயுத பூஜையும், சில ஆண்டுகளில் தீபாவளியும் எதிரே வந்து நின்றன. ஜனவரிக்கு மாற்றலாம் என்றார் இன்னொருவர். பொங்கல் வந்தது, அதன் பின்னே அடுத்த செமஸ்டர் நழுவி நழுவிக் கத்திரி வெயிலில் போய் விழுந்தது. ரம்ஜானோ ஆண்டுக்குப் பதினோரு நாள் வீதம் முன்னேறி எல்லாப் பருவங்களையும் சுற்றிப் பார்த்து வருவதாகையால், அதற்கு இடம் ஒதுக்குவதில் எந்தக் கமிட்டியின் வெற்றியும் நிரந்தரமன்று.

1582-இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி ஒரே கட்டளையில் பத்து நாட்களை நீக்கி, அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் 15 என்று விதித்தாராம். அவருக்கு என்ன, அந்தப் பத்து நாட்களுக்கும் ஈடுசெய்யும் சனிக்கிழமையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாங்களோ மூன்று அமர்வுகள் கூடி, பிரயாணப்படியும் பெற்று, பரீட்சைத் தொடக்கத்தை இரண்டு நாள் தள்ளிவைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். எந்த நாளுக்குத் தள்ளிவைத்தோமோ அந்த நாளின் விடியற்காலையில்தான் கலெக்டரின் மழை விடுமுறை அறிவிப்பு வந்தது. நாங்கள் அஞ்சி விலகிய நாளில் பளிச்சென்று வெயிலடித்திருந்தது.

இவ்வனுபவத்தால் நான் அடைந்த சித்தாந்தம் இதுவே: வாக்கியக்காரரும் திருக்கணிதக்காரரும் வருங்காலத்தைக் கணிக்க வல்லவர்கள், ஏனெனில் சூரிய சந்திரர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் அதிகாரம் எவருக்கும் இல்லை. நமது காலண்டருக்கு அந்த வசதி இல்லாமையால், அதை ஜூன் மாதத்தில், ஆண்டு தொடங்குவதற்கு முன் அச்சிடும் வழக்கத்தை விட்டு, மே மாதத்தில், ஆண்டு முடிந்த பின் அச்சிட வேண்டும். அப்போது அதில் ஒரு தேதியும் பிழைபடாது. இப்பிரேரணையைக் கல்விப் பேரவையின் அடுத்த கூட்டத்துக்கென எழுதிக் கையொப்பமிட்டு வைத்திருக்கிறேன். வழிமொழிய ஓர் அங்கத்தினர் தேவை.